பலூனில் பாதி காற்று, பாதி ரப்பர்: முதன்முதலாகச் செய்து பார்ப்பவர்களுக்கான சோதனைகள்

பலூனை வைத்துச் செய்யும் அறிவியல் சோதனைகள் பெரும்பாலும் காற்றைப் பற்றியவையாகவே இருக்கின்றன. காற்றுக்கு இடம் வேண்டும், காற்று சூடானால் விரியும், காற்று பின்னால் சீறினால் பலூன் முன்னால் பாயும். எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பரை யாரும் கண்டுகொள்வதில்லை. என் பார்வையில் பலூனின் பாதி அறிவியல் அந்த மெல்லிய தோலில்தான் இருக்கிறது. வியக்க வைக்கும் பாதியும் அதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் ரப்பரிலிருந்து தொடங்கிக் காற்றுக்குப் போகிறோம்.

பலூன் முதலில் விளையாட்டுப் பொருளாகப் பிறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடலாம். 1824இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே, ஹைட்ரஜன் போன்ற வாயுக்களைப் பிடித்து வைத்துச் சோதிப்பதற்காக முதல் ரப்பர் பலூன்களைச் செய்தார். இரண்டு ரப்பர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரங்களை அழுத்தினார்; பதப்படுத்தாத ரப்பர் தானாகவே ஒட்டிக்கொண்டது. நடுப்பகுதியும் ஒட்டிவிடாமல் இருக்க உள்ளே மாவு தூவினார். புதுப் பலூனைத் தடவும்போது விரலில் படும் வெண்பொடிக்கும் அதே வேலைதான்.

வாங்க வேண்டியவை

பாக்கெட்டில் வரும் சாதாரண உருண்டை ரப்பர் பலூன் போதும். ஊதும்போது 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை விரிபவை வசதியானவை. பிறந்தநாள் அலங்காரத்துக்கு விற்கும் பளபளப்பான உலோகப்பூச்சுப் பலூன் இங்கே உதவாது. அது பிளாஸ்டிக் தாள், இழுபடாது. மலிவான பாக்கெட்டுகளில் பழைய சரக்கு வரும். ஒன்றை எடுத்து இழுத்துப் பாருங்கள். உடனே பிய்ந்தால் வேறு கடை பார்க்க வேண்டியதுதான். வெயிலும் வெளிச்சமும் ரப்பரைக் கெடுக்கும் என்பதால் மீதியை டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

இவற்றோடு செல்லோடேப், நூல், ஸ்ட்ரா, இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள், மார்க்கர் பேனா, ஒரு புனல், மூங்கில் குச்சி, எழுதித் தீர்ந்த பேனாவின் கூடு, மருந்துக் கடையில் ஊசி இல்லாமல் கேட்டு வாங்கிய 50 அல்லது 60 மில்லி சிரிஞ்ச். மற்றவை சமையலறையில் இருக்கும்.

எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் ஊதாத பலூனையோ வெடித்த துண்டையோ வாயில் போட்டால் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். ஆகவே அவர்களுக்குப் பெரியவர்கள் ஊதிக் கொடுக்க வேண்டும். வெடித்த துண்டுகளை அந்த நிமிடமே பொறுக்கிவிட வேண்டும். சிலருக்கு ரப்பர் பால் ஒவ்வாமை இருக்கும். பலூனைத் தொட்டதும் தோல் தடித்துச் சிவக்கும் பிள்ளையை வேடிக்கை பார்க்க மட்டும் விடுங்கள்.

முதல் சோதனை: புள்ளி வைப்பது

ஊதாத பலூனைத் தட்டையாக வைத்து, கழுத்திலிருந்து நுனி வரை ஒரே இடைவெளியில் மார்க்கரால் சிறு புள்ளிகள் வையுங்கள். மை காய்ந்ததும் ஊதுங்கள். நடுவில் இருக்கும் புள்ளிகள் வெகுதூரம் விலகிப் போகும். முடிச்சுக்குப் பக்கத்திலும் உச்சியில் அடர்நிறமாகத் தெரியும் வட்டத்திலும் இருக்கும் புள்ளிகள் அவ்வளவாக நகர்ந்திருக்காது. பலூன் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இழுபடுவதில்லை என்பதை இப்படிக் கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்து வருவதைப் பிள்ளைகளே ஊகித்துவிடுவார்கள்.

பலூனை முழுதாக அல்லாமல் முக்கால் அளவுக்கு ஊதிக் கட்டுங்கள். கூரான மூங்கில் குச்சியில் சமையல் எண்ணெய் தடவி, உச்சியிலுள்ள அடர்நிற வட்டத்தில் வைத்து மெல்லத் திருகியபடி உள்ளே செலுத்துங்கள். குச்சியின் கூர்முனை மறுபக்கத்தில் முடிச்சின் அருகே வெளியே வர வேண்டும். பலூன் வெடிக்காது. அந்த இடங்களில் ரப்பர் குறைவாகவே இழுபட்டிருப்பதால் துளை கிழிசலாக ஓடுவதில்லை. குச்சியைச் சுற்றி இறுகிப் பிடித்துக்கொள்கிறது. அதே குச்சியால் பலூனின் இடுப்பைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இடுப்பில் ஒரு துண்டு செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, அதன்மேல் குண்டூசியைக் குத்தினால் அங்கேயும் வெடிக்காது. கிழிசல் பரவாமல் டேப் தடுத்துவிடுகிறது.

உதட்டில் ஒரு வெப்பமானி

இதற்குப் பலூனும் உதடும் போதும். செலவே இல்லாத இந்தச் சோதனையை ஏன் எந்தப் பாடப்புத்தகத்திலும் முதலில் வைப்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

பலூனை ஊதாமல் இரு கைகளாலும் பிடித்து உதட்டில் வையுங்கள். சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. உதட்டிலிருந்து எடுத்து, சட்டென்று முடிந்தவரை இழுத்து, இழுத்த நிலையிலேயே மீண்டும் உதட்டில் வையுங்கள். வெதுவெதுப்பு தெரியும். தளர விடாமல் அரை நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். அந்தச் சூடு அறைக் காற்றில் கலந்துவிடும். இப்போது சட்டென்று தளர விட்டு உதட்டில் வையுங்கள். சில்லென்றிருக்கும்.

இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் வாழ்ந்த ஜான் கஃப் இதை இப்படியே உதட்டில் வைத்துப் பார்த்து, 1805இல் எழுதி வெளியிட்டார். சிறு வயதில் அம்மை நோயில் பார்வையை இழந்தவர் அவர். அரை நூற்றாண்டுக்குப் பிறகு இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் அதையே நுட்பமாக அளந்தார்.

காரணம் ரப்பரின் உள்ளமைப்பில் இருக்கிறது. ரப்பர் என்பது மிக நீளமான மூலக்கூறு இழைகளின் கூட்டம். இழுக்காதபோது அவை தட்டில் பிழிந்த இடியாப்பம்போல் சுருண்டு பின்னிக் கிடக்கின்றன. இழுத்தால் ஒரே திசையில் வரிசை கட்டுகின்றன. வரிசைக்கு வரும்போது வெப்பத்தை வெளியே விடுகின்றன. மீண்டும் சுருளும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகின்றன. இதற்கு ஒரு விநோதமான மறுபக்கம் உண்டு. ரப்பர் பேண்டில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஹேர் டிரையரால் ரப்பரைச் சூடாக்குங்கள். இரும்புக் கம்பியாக இருந்தால் நீண்டிருக்கும். ரப்பர் சுருங்கிப் பூட்டை மேலே தூக்கும். அசைவு சில மில்லிமீட்டர்தான். பின்னால் ஓர் அளவுகோலை நிறுத்தி வைத்தால் தெளிவாகத் தெரியும்.

இரண்டு பலூன் புதிர்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்து பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பெரியவர்களே பெரும்பாலும் தவறாகச் சொல்லும் விடை இதில்தான் வருகிறது.

பேனாக் கூட்டின் இரண்டு முனையையும் திறந்து, பக்கவாட்டில் ஓட்டை இருந்தால் டேப் ஒட்டி அடையுங்கள். ஒரே பாக்கெட்டிலிருந்து இரண்டு பலூன்களை எடுத்து, இரண்டையும் முதலில் ஒருமுறை முழுதாக ஊதிக் காற்றை விட்டுவிடுங்கள். ஒருமுறை இழுபட்ட ரப்பர் கொஞ்சம் இளகிவிடும். இரண்டுமே ஒரே நிலையில் இருந்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். பிறகு ஒன்றைப் பெரிதாகவும் (பாதிக்கு மேல், ஆனால் விறைக்காமல்) மற்றொன்றைச் சின்னதாக, ஒரு ஆரஞ்சுப் பழ அளவுக்கும் ஊதி, கழுத்தை முறுக்கிக் கிளிப் போடுங்கள். இரண்டு வாய்களையும் பேனாக் கூட்டின் இரு முனைகளில் மாட்டி ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். கிளிப்பை எடுக்கும் முன் கேளுங்கள்: காற்று எங்கிருந்து எங்கே போகும்?

பெரியதிலிருந்து சின்னதுக்குப் போய் இரண்டும் சமமாகும் என்பார்கள். கிளிப்பை எடுத்ததும் நடப்பது நேர்மாறானது. சின்ன பலூன் சுருங்கும், பெரியது இன்னும் பெருக்கும்.

விடையை ஒவ்வொருவரும் வாயாலேயே உணர்ந்திருக்கிறோம். பலூன் ஊதும்போது முதல் இரண்டு மூச்சுதான் கன்னத்தை வலிக்கச் செய்கிறது. ஒரு கட்டம் தாண்டியதும் சுலபமாகிவிடுகிறது. அதாவது, சின்ன பலூனுக்குள் அழுத்தம் அதிகம், பெரிய பலூனுக்குள் குறைவு. சிறிய உருண்டையின் தோல் கூர்மையாக வளைந்திருப்பதால், அந்தத் தோலின் இழுவிசையில் பெரும் பங்கு உள்நோக்கிக் காற்றை நெருக்குகிறது. உருண்டை பெருக்கப் பெருக்க வளைவு தட்டையாகிறது. இழுவிசை அதிகரித்தாலும் உள்நோக்கிய நெருக்குதல் குறைகிறது. காற்று எப்போதும் அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் ஓடும். பருமனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெரிய பலூனை வெடிக்கும் நிலைக்கு மிக அருகே ஊதிவிட்டால் முடிவு மாறக்கூடும். இழைகள் எல்லாம் நீண்டு முடித்து, இனி நீள வழியில்லை என்ற நிலையில் ரப்பர் மறுபடி விறைத்துவிடும். அப்போது அழுத்தம் மீண்டும் ஏறும். சோதனை தவறிவிட்டது என்று எண்ணாமல், பெரியதிலிருந்து கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

காற்றின் பக்கம்

ஊத முடியாத பலூன் என்று ஒரு பந்தயம் வைக்கலாம். பாட்டிலுக்குள் பலூனைத் தொங்கவிட்டு அதன் வாயைப் பாட்டிலின் வாய்மேல் மடித்து மாட்டுங்கள். ஊதச் சொல்லுங்கள். எவ்வளவு பலசாலியாலும் எலுமிச்சை அளவுக்கு மேல் ஊத முடியாது. பாட்டிலுக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. இப்போது பாட்டிலின் அடிப்பக்கத்தில் காம்பஸ் முனையால் ஒரு துளை போட்டுக் கொடுங்கள். பலூன் தாராளமாக விரியும். விரிந்ததும் துளையை விரலால் அடைத்துவிட்டு வாயை எடுக்கச் சொல்லுங்கள். பலூனின் வாய் திறந்தே இருக்கும், ஆனாலும் அது சுருங்காது. வாய் திறந்த பலூன் ஊதிய நிலையில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை. துளையிலிருந்து விரலை எடுத்த கணத்தில் அது தளர்ந்துவிடும்.

அதே பாட்டிலின் அடியை வெட்டி, அங்கே இன்னொரு பலூனின் பாதியை இழுத்து மூடினால் நுரையீரல் மாதிரி தயார். கீழே உள்ள ரப்பரை இழுத்தால் உள்ளே தொங்கும் பலூன் விரியும், விட்டால் சுருங்கும். நம் விலா எலும்புகளுக்குக் கீழே உதரவிதானம் செய்யும் வேலை இது.

சிரிஞ்ச் சோதனைக்கு ஒரு குட்டிப் பலூன் வேண்டும். பெரிய பலூனின் நுனியில் கொஞ்சம் காற்றை ஒதுக்கி, கோலிக்குண்டு அளவுக்கு நூலால் இறுகக் கட்டி வெட்டி எடுங்கள். சிரிஞ்சின் உந்துதண்டை வெளியே எடுத்து, குட்டிப் பலூனை உள்ளே போட்டு, தண்டை மீண்டும் செருகுங்கள். சிரிஞ்சின் முனையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை இழுங்கள். யாரும் ஊதாமலேயே பலூன் பெருக்கும். தள்ளினால் சுருங்கும். 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இதுதான்: வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் குறைந்தால் வாயுவின் பருமன் கூடும்.

வானிலை ஆய்வுக்கூடங்கள் வானத்தில் விடும் பலூன்களுக்கும் இதுவே நடக்கிறது. உலகெங்கும் ஒரே நேரக் கணக்கில் நாளுக்கு இரண்டு முறை, இந்திய நேரப்படி காலையும் மாலையும் 5.30 மணியை ஒட்டி, கருவிப் பெட்டியைச் சுமந்தபடி அவை ஏறுகின்றன. சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் இப்படி விடுகிறார்கள். ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் பலூன் விரிந்துகொண்டே போகிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் ரப்பர் தாங்காமல் வெடிக்கிறது. தரையில் அதை முழுதாக ஊதாமல் தளர்வாக விடுவது இதனால்தான்.

சூட்டுக்கு வருவோம். காலிப் பாட்டிலின் வாயில் பலூனை மாட்டி, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தினால் துவண்ட பலூன் நிமிரும். கொதிநீர் வேண்டாம், பாட்டில் நெளிந்துவிடும். படங்களில் காட்டுவதுபோல் பலூன் உருண்டையாகப் பெருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு லிட்டர் காற்றை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது பத்தில் ஒரு பங்குதான் கூடும். அதாவது 100 மில்லி. நிமிர்ந்து நிற்பதற்கு அது போதும், ஊதிப் பெருக்கப் போதாது. பாட்டிலை உடனே ஐஸ் நீரில் வைத்தால் பலூன் தளர்ந்து பாட்டிலுக்குள் உறிஞ்சப்படும். சூடானால் வாயு விரியும் என்ற இந்த விதிக்குப் பெயர் தந்த பிரெஞ்சுக்காரர் ஜாக் சார்ல்ஸ் 1783 டிசம்பர் 1 அன்று ஹைட்ரஜன் பலூனில் தானே ஏறிப் பறந்தவர்.

ஆப்பசோடாவும் இட்லி மாவும்

எல்லாப் பள்ளிக் கண்காட்சியிலும் இருக்கும் சோதனை இது. அதையே கொஞ்சம் அளந்து செய்தால் கூடுதலாக இரண்டு விஷயங்கள் கிடைக்கும்.

1. அரை லிட்டர் பாட்டிலில் 100 மில்லி வினிகர் ஊற்றுங்கள். வினிகர் இல்லாவிட்டால் மூன்று எலுமிச்சையின் சாறு போதும். அதற்குச் சோடாவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2. பலூன் கழுத்தில் புனலை வைத்து ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவை உள்ளே கொட்டுங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள்; அதில் சோடா குறைவு.

3. சோடா சிந்தாமல் பலூனைத் தொங்கவிட்டபடியே அதன் வாயைப் பாட்டிலில் மாட்டுங்கள்.

4. ஒரு கையால் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பலூனைத் தூக்கி நிமிர்த்துங்கள்.

நுரைத்துப் பொங்கி, ஒரு நிமிடத்துக்குள் பலூன் விறைக்கும். ஒரு தேக்கரண்டி என்பது ஏறத்தாழ 5 கிராம் சோடா. அது முழுதும் வினை புரிந்தால் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன் டை ஆக்சைடு வரும். கொஞ்சம் வினிகரிலேயே கரைந்துபோகும். மூன்று தேக்கரண்டி போட்டால் பலூன் மூன்று மடங்கு பெருக்காது. வினிகரின் அமிலம் தீர்ந்ததும் மீதிச் சோடா அடியில் சும்மா கிடக்கும். இதைப் பிள்ளைகளையே செய்து பார்க்கச் சொல்லலாம்: அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று தேக்கரண்டி என்று ஏற்றிக்கொண்டே போய், நூலால் பலூனின் சுற்றளவை அளந்து எழுதினால், எங்கே ஏற்றம் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பலூனைக் கட்டி எடுத்துவிடுங்கள், எறிய வேண்டாம். அதே அளவுக்கு வாயால் ஊதிய இன்னொரு பலூனையும் அதனோடு சேர்த்து இரண்டையும் தலைக்கு மேலிருந்து ஒன்றாக விடுங்கள். சோடாப் பலூன் முந்திக்கொண்டு தரையைத் தொடும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம், கார்பன் டை ஆக்சைடு 1.8 கிராம்.

காற்றுக்கு எடை உண்டு என்று காட்டப் பாடப்புத்தகங்களில் ஒரு கம்பின் இரு முனையில் ஊதிய பலூனையும் ஊதாத பலூனையும் கட்டும் சோதனை இருக்கும். அதை நான் பரிந்துரைப்பதில்லை. காற்றுக்குள் மிதக்கும் காற்றின் எடையைச் சுற்றியுள்ள காற்றே தாங்கிவிடும். தராசைச் சாய்ப்பது ரப்பர் நெருக்கிப் பிடித்திருக்கும் மிகச் சிறிய உபரிக் காற்று மட்டும். கம்பு சாயும் அளவும் அப்படியே அற்பமாக இருக்கும். சோடாப் பலூன் நேர்மையான சாட்சி.

அந்த இரண்டு பலூனையும் இரவு முழுவதும் ஒரே இடத்தில் தொங்கவிட்டுக் காலையில் பாருங்கள். முடிச்சு ஒழுகாவிட்டாலும் சோடாப் பலூன் நன்றாகவே சுருங்கியிருக்கும். மற்றது அவ்வளவாக மாறியிருக்காது. கார்பன் டை ஆக்சைடு ரப்பரில் எளிதாகக் கரைந்து, தோலைக் கடந்து மறுபக்கம் வெளியேறுகிறது. காற்றிலுள்ள நைட்ரஜன் அப்படி எளிதில் கடப்பதில்லை. மறுபடியும் ரப்பர்தான்.

சோடா இல்லாமலும் அதே வாயுவை எடுக்கலாம். புதிதாக அரைத்து உப்புப் போட்டுக் கரைத்த இட்லி மாவைப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, வாயில் பலூனை மாட்டி இரவு வைத்துவிடுங்கள். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிரிகள் கார்பன் டை ஆக்சைடை விடும். பெரும்பகுதி மாவுக்குள்ளேயே குமிழாகத் தங்கிவிடும். அதனால்தான் இட்லி பஞ்சாக வருகிறது. மீதி, பலூனை எழுப்பி நிறுத்தும். வெந்நீரில் வைத்ததைப்போல நிமிர்வுதான் கிடைக்கும், உருண்டை கிடைக்காது. இன்னும் வேகமாகப் பார்க்க வேண்டுமானால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு கரண்டி சர்க்கரையும் ஒரு கரண்டி ஈஸ்ட்டும் போட்டு அதே மாதிரி மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் பலூன் எழும். ஒரு பாட்டிலை ஃப்ரிட்ஜிலும் இன்னொன்றை அடுப்பு மேடை ஓரத்திலும் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

ராக்கெட்

இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆகவே சுருக்கமாக. ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணி வரை வழவழப்பான நைலான் நூலை விறைப்பாகக் கட்டுங்கள். கட்டும் முன் அதில் ஒரு ஸ்ட்ராத் துண்டைக் கோத்துவிட வேண்டும். ஊதிய பலூனை, கழுத்தைக் கட்டாமல் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ராவில் டேப்பால் ஒட்டி விடுங்கள். வெளியே போகும் காற்று பின்னாலுள்ள காற்றைத் தள்ளுவதால் பலூன் பாய்கிறது என்று பலர் விளக்குகிறார்கள். அது தவறு. பலூன் தன் காற்றைப் பின்னால் தள்ளுகிறது, அந்தக் காற்று பலூனை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு வெளிக்காற்று தேவையே இல்லை. தேவைப்பட்டிருந்தால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் எந்த ராக்கெட்டும் வெற்றிடத்தில் வேகம் எடுத்திருக்காது. பலூன் கழுத்தில் ஒரு ஸ்ட்ராத் துண்டைச் செருகிக் காற்றுவழியைக் குறுக்கி, ஓட்டத்தின் வேகமும் நேரமும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது இதில் எனக்குப் பிடித்த பகுதி.

எண்ணெய்த் தலைக்கு ஒட்டாத மின்சாரம்

தலைமுடியில் பலூனைத் தேய்த்தால் முடி எழுந்து நிற்கும் என்று படித்துவிட்டு, செய்து பார்த்து ஏமாந்த பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் இது நடக்காது. குளித்து நன்றாக உலர்ந்த தலை, அல்லது கம்பளித் துணி வேண்டும். இன்னொரு எதிரி ஈரக்காற்று. கடலோர ஊர்களில், மழைக்காலத்தில், பலூனில் சேர்ந்த மின்னூட்டம் நொடிகளில் கசிந்துவிடும். ஏசி ஓடும் அறையோ, உள்மாவட்டங்களின் வறண்ட கோடைப் பிற்பகலோ நல்ல நேரம்.

தேய்க்கும்போது முடியிலிருந்தும் கம்பளியிலிருந்தும் எலக்ட்ரான்கள் ரப்பருக்கு இடம் மாறுகின்றன. பலூன் எதிர் மின்னூட்டம் பெறுகிறது. தட்டில் கொஞ்சம் பொரியைப் பரப்பி, பலூனை மேலே கொண்டுவாருங்கள். பொரி துள்ளி ஒட்டிக்கொள்ளும். சில பொரிகள் ஒட்டிய சிறிது நேரத்தில் தெறித்து விழும். பலூனிலிருந்து அதே வகை மின்னூட்டத்தை வாங்கிக்கொண்டதால் விலக்கப்படுகின்றன. குழாயை மெல்லிய ஒழுக்காகத் திறந்து, தேய்த்த பலூனை அருகே கொண்டுபோனால் நீர் வளைந்து வரும். பலூன் நனைந்துவிட்டால் விளையாட்டு முடிந்தது, துடைத்துவிட்டு மீண்டும் தேய்க்க வேண்டும். தேய்த்த இரண்டு பலூன்களை ஒரே ஆணியிலிருந்து நூலில் தொங்கவிட்டால் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். நடுவே உங்கள் கையை நீட்டுங்கள், இரண்டும் கையை நாடி வரும்.

ஆரஞ்சுத் தோல்

ஊதிக் கட்டிய பலூனின்மேல் ஆரஞ்சுத் தோலை மடித்துப் பிழிந்தால், தெறிக்கும் எண்ணெய் பட்ட இடத்தில் ரப்பர் இளகிப் பலூன் வெடிக்கும். தோலெண்ணெயில் உள்ள லிமோனீன் ரப்பருக்கு நல்ல கரைப்பான். எல்லாப் பலூனும் இதற்கு மசியாது. நன்றாக விறைக்க ஊதிய பலூனில்தான் வேலை செய்யும். கண்ணில் தெறித்தால் எரியும், ஆகவே பலூனை முகத்திலிருந்து தள்ளிப் பிடியுங்கள்.

நெருப்பு, கடைசியாக

இதைப் பெரியவர் ஒருவர் செய்ய, பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். காற்று மட்டும் ஊதிய பலூனை மெழுகுவர்த்திச் சுடரருகே கொண்டுபோனால் உடனே வெடிக்கும். அடுத்த பலூனில் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றி, பிறகு ஊதிக் கட்டுங்கள். வாளிக்கு மேலே பிடித்து, தண்ணீர் தேங்கியிருக்கும் அடிப்பகுதி சுடரில் படும்படி காட்டுங்கள். கரி படியும், பலூன் வெடிக்காது. மெல்லிய ரப்பர் வழியாக வெப்பம் உடனுக்குடன் தண்ணீருக்குப் போய்விடுகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி சூடாவதற்கே 4.2 ஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால், ரப்பர் இளகும் அளவுக்குச் சூடாவதில்லை. சுடர் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நக்கினால் அந்த இடத்தில் வெடிக்கும். அரை நிமிடத்துக்கு மேல் காட்ட வேண்டியதில்லை. நீண்ட முடியையும் துப்பட்டாவையும் கட்டிக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையைத் திருவிழாவில் வாங்கிய, மேலே பறக்கும் கேஸ் பலூனில் ஒருபோதும் செய்யாதீர்கள். ஹீலியம் விலை அதிகம் என்பதால், தெருவில் விற்கும் பலூன்களில் ஹைட்ரஜனை அடைப்பது உண்டு. காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் சிலிண்டரில் போட்டு அங்கேயே தயாரிக்கிறார்கள். அந்தச் சிலிண்டரே வெடிக்கக்கூடியது. ஹீலியம் எரியாது. ஹைட்ரஜன் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் வாயு. வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஆகவே மேலே பறக்கும் எந்தப் பலூனையும் ஹைட்ரஜன் என்றே கொண்டு, பிறந்தநாள் மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, பூஜை விளக்கு எல்லாவற்றிலிருந்தும் தள்ளியே கட்டுங்கள்.